கடைசி வால் படம்

அப்பாவின் வீட்டுக்கு அவள் வந்தபோது நல்ல வெயில். பேய் பிசாசுக்கு உகந்த வேளையே இல்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார். கதவைத் திறந்த சித்தப்பா மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எதுக்கும்மா கண்காட்சி? போனவரை நிம்மதியா விடக் கூடாதா?"

"நெகட்டிவை எல்லாம் பூஞ்சை தின்னுது சித்தப்பா. இன்னும் ரெண்டு மழைக்காலம் போனா அள்ளிக் குப்பையிலதான் போடணும்."

அவர் நகர்ந்தார். மனமில்லாமல், ஒரு தோள் அளவுக்கு மட்டும்.

அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார் கத்தரி. அப்பா வேலை பார்த்த பத்திரிகையில் படங்களைக் கழுவி, அச்சுக்குத் தகுந்தபடி வெட்டிக் கொடுத்தவர்; அதனால் வந்த பட்டப்பெயர். அப்பாவின் இடதுகைச் சுண்டுவிரல் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. கேமராவை அவசரமாகத் தூக்கும்போதெல்லாம் அந்த விரல் படத்தின் மூலையில் கறுப்பாக விழுந்துவிடும்.

"உங்க அப்பா விரலை வெட்டி வெட்டியே நான் மூணு பிள்ளைங்களைக் கரையேத்தினேன்" என்றார் கத்தரி. "இந்தத் தடவை வெட்ட வேணாம். விரலோடவே மாட்டுவோம்."

சித்தப்பா சிரிக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்து, பெட்டிகளைப் பிரித்து, கையுறை மாட்டிக்கொண்டு அவளும் கத்தரியும் உட்கார்ந்தார்கள். புளித்த காடி போன்ற வாடை மூக்கில் ஏறியது. வெள்ளம், தீ, ஊர்வலம், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் முகங்கள். ஆனால் அவள் தேடியது செய்திப் படங்களை அல்ல.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ரோலில் கடைசியாக ஒரு படம் மிச்சம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். வாசலில் கண்ணில் பட்டதை எடுத்து ரோலை முடித்துவிட்டுத்தான் இருட்டறைக்குள் போவார். ரோலில் கலவரப் படங்கள் முடிந்த இடத்தில் ஷூவுக்கு நாடா கட்டும் மகள் இருப்பாள். தீ அணைந்த இடத்தில் அம்மாவின் முதுகு இருக்கும். அவற்றை 'வால் படம்' என்று சொல்வார். அவள் நடத்தப்போவது அந்த வால்களின் கண்காட்சி.

ஒன்று மட்டும் குறைந்தது. அப்பாவின் கடைசி வால்.

அது அம்மாவின் பெட்டியில் இருந்தது. இருட்டறையில் மாரடைப்பு வந்து அப்பா இறந்த அன்று, அவர் பக்கத்தில் கிடந்த கேமராவை அம்மா எடுத்துச் சேலையில் சுற்றிப் பூட்டிவைத்தாள். யாரையும் தொட விடவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து சித்தப்பாவோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. போன மாதம் அம்மா போன பிறகுதான் சாவி மகள் கைக்கு வந்தது.

கடைசியாக அப்பா பார்த்தது யாரை? என்னையாக இருக்குமோ? இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கத்தரி சொல்லிக்கொடுத்தபடி ரோலைத் திருப்பிச் சுற்றி, கேமராவிலிருந்து எடுத்தாள். அந்தச் சின்ன உருளையைக் கண்டதும் சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

"அதுல ரோலு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"குடு. நானே கழுவறேன். அண்ணனுக்கு எத்தனை ரோலு கழுவிக் குடுத்திருக்கேன்."

அத்தனை வருஷம் இருட்டறைப் பக்கமே போகாதவர், மறுநாள் மருந்துகளை வாங்கிவந்து கலக்கி வைத்தார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கூடப் பிறந்தவருக்கு அந்த உரிமை இல்லையா என்றும் தோன்றியது. கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கத்தரி சட்டம் போடும் கடைக்குப் போயிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருட்டறை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் வீட்டில் யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது. வீடே இடிந்தாலும் கூடாது. வெளிச்சம் பட்டால் படம் செத்துப்போகும். வேலை முடிந்ததும், மருந்துக் கையால் பிடியைத் தொடாமல், அப்பா உள்ளேயிருந்து தட்டுவார். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. அவள் ஓடிப்போய்த் திறப்பாள்.

அப்பா இறந்த அன்றைக்கும் சிவப்பு விளக்கு எரிந்ததாம். அம்மா கடைத்தெருவில், அவள் பள்ளியில். வீட்டில் இருந்தவர் சித்தப்பா மட்டும்.

"விளக்கு எரிஞ்சுது, எப்படித் திறப்பேன்? அண்ணன் தட்டவே இல்லையே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வீட்டுச் சட்டம் ஊருக்கே தெரியும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது உள்ளே இருந்தவர் சித்தப்பா; தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தெருச் சத்தம்கூடத் தூரப் போய்விட்டது போல இருந்தது. கதவிடுக்கிலிருந்து புளித்த வாடை வந்தது. அதோடு அப்பாவின் சட்டையில் வீசும் சிகரெட் வாடையும் வந்தது.

சித்தப்பா சிகரெட் பிடிப்பதில்லை.

டக். டக்.

நிறுத்தம்.

டக்.

அவள் யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் ஓடிய கால், அதே வேகத்தில் எழுந்தது. தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.

உள்ளே இருட்டு இல்லை.

வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதன் நேர் கீழே சித்தப்பா நின்றார். உருளை ஒரு கையில். மறுகையால் ஃபிலிமை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். பாதி ஃபிலிம் தரையில் சுருண்டு கிடந்தது.

"என்ன பண்றீங்க சித்தப்பா?"

"கை... கை சுவிட்சுல பட்டுடுச்சும்மா." அவர் கண் அவள் மேல் இல்லை. கதவின் மேல் இருந்தது. "நீ ஏன் வெளியேருந்து தட்டினே?"

"நான் தட்டலையே. உள்ளேருந்துதான் தட்டினீங்க."

அவர் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் தாழ்ப்பாள் போட்டிருந்தேனே" என்றார், கிசுகிசுப்பாக.

அவள் உருளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கத்தரி அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "போனது போகட்டும். முதல்ல எடுத்த படமெல்லாம்தான் முதல்ல வெளியே வரும். வால் எப்பவும் உள்ளே, நடுத்தண்டுல சுத்தியிருக்கும். இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா அதுவும் போயிருக்கும்."

தன் வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி அவர் கழுவினார். மறுநாள் படத்தைக் கொண்டுவந்தார். கவரை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அது அவளுடைய படம் அல்ல.

தரையில் கிடந்தபடி எடுத்தது. இருட்டறையின் கதவு பாதி திறந்திருந்தது. இடுக்கில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சித்தப்பா, இளவயதில். ஒரு கை கதவின் கைப்பிடியில். கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வருகிறவரின் முகம் அல்ல அது. காத்திருப்பவரின் முகம்.

மூலையில், கறுப்பாக, கோணலாக, ஒரு விரல்.

அப்பா தட்டியிருக்கிறார். சித்தப்பா திறந்திருக்கிறார். பார்த்துவிட்டு, மூடியிருக்கிறார்.

 படத்தைப் பெரிதாக்கி, விரலை வெட்டாமல், பத்திரிகை அலுவலகக் கூடத்தின் கடைசிச் சுவரில் மாட்டினாள். அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் அப்பாவின் கேமராவை வைத்துத் தன் கையால் பூட்டினாள். திறப்பு விழாவுக்குச் சித்தப்பா வரட்டும், எல்லோர் முன்னாலும் அதன் எதிரே நிற்கட்டும் என்று நினைத்தாள்.

அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

கூட்டத்தைக் கத்தரியிடம் விட்டுவிட்டு அவளே அழைத்துவரப் போனாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

அப்பாவின் தட்டல் அல்ல. கணக்கில்லாமல், உள்ளங்கையால், நகத்தால்.

"யாரு வெளியே? குட்டி, நீயாம்மா? திற... நெஞ்சு அடைக்குது... அண்ணன் இங்கேதான்..."

அவள் கைப்பிடியைப் பற்றினாள்.

தள்ளவில்லை.

விளக்கு எரிகிறதே, எப்படித் திறப்பேன்? அந்த வாக்கியம் தயாராக நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஊரே தலையாட்டும். தட்டல் மெலிந்தது. அவள் கை அசையாமல் கைப்பிடியிலேயே இருந்தது.

கதவு தானாக ஒரு சாண் திறந்தது.

உள்ளே கும்மிருட்டு. கீழே, தரையோடு தரையாக எதுவோ மெல்ல நிமிர்ந்தது. சிகரெட் வாடை அடித்தது.

க்ளிக்.