பத்து விரல் ஓசை

கணவர் வீட்டில் இருந்த கடைசிக் காலையில், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பின்அறையிலிருந்து தட்டச்சு ஓசை கேட்டது. தகரக் கூரையில் மழை இறங்குவதுபோல, பத்து விரலும் தடங்கலின்றி ஓடுகிற ஓசை. அவரோ எழுத்தைத் தேடித் தேடி இரண்டு விரலால் குத்துகிறவர். எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு டைப் அடிச்சா?"

"என்னைத் தவிர யாரு இருக்கா?" சிரித்தார். "வீட்டுக்குன்னு சொந்தமா மெயில் சர்வர் போடுறேன். இலவச மென்பொருள்தான். பாதி ஏறியிருக்கு, மிஷினை அணைச்சிடாதே. முடிஞ்சதும் முதல் கடிதம் உனக்குத்தான்."

கேபிள் வாங்கப் போன வழியில் லாரி மோதிவிட்டது.

ஏழு வாரம் அவள் மிஷினை அணைக்கவில்லை. அந்தக் கடிதம் உள்ளே இருக்கும் என்று நம்பினாள். ஒரு ஞாயிறு மதியம் அவருடைய அலுவலக நண்பருக்குப் போன் செய்தாள். அந்த நண்பரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணி, நான் சொல்றதை அப்படியே அடிங்க. ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. சமையல் மாதிரி கைக்கணக்கு இங்க செல்லாது."

"என் சமையல்லயும் அது செல்லாது தம்பி. உங்க அண்ணனைக் கேட்டுப் பாருங்க" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென மேலேறின. ஜன்னல் சாத்திய அறையில் தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் மணத்தன. அவற்றுக்கு அடியில் மெல்லிசாக, இப்போதுதான் தலைக்குக் குளித்த கூந்தலின் ஈர வாடை. அவள் குளித்தது அதிகாலையில்.

"ஏறிடுச்சு அண்ணி. உங்களுக்கும் ஒரு கடிதப் பெட்டி போட்டாச்சு. இனி நிக்கிற கடிதத்தை அனுப்பச் சொல்லுங்க."

ஒரே ஒரு கடிதம் காத்திருந்தது. என்டரைத் தட்டினாள். தன் பெட்டியைத் திறந்தாள். பூஜ்யம். பட்டியலில் இன்னொரு பெட்டி இருந்தது, கணவர் முன்பே போட்டு வைத்தது. அவருடைய முதல் மனைவி, மூத்தவளின் பெயர். அதில் ஒன்று.

மூத்தவள் தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். காய்ச்சலில் போய் எட்டு வருஷம். பேச்சில் வராமலே வீட்டில் பாதி இடத்தைப் பிடித்திருந்தாள். செத்தும் முந்திக்கொண்டாளே என்று இவளுக்கு வயிறு எரிந்தது.

படிக்காதது: 1. கண் எதிரிலேயே அது 0 ஆனது.

"தம்பி, அந்தப் பெட்டியை அழிக்கணும்."

"என்ன எழுதியிருக்காருன்னு பாக்கலையா?"

"எனக்கு வந்தாத்தான் நான் படிப்பேன்."

நண்பர் சொன்ன கட்டளையை அடித்தாள். மிஷின் மறுத்தது. இந்தப் பயனர் இப்போது உள்ளே இருக்கிறார்.

"அது எப்படி அண்ணி? யார் யார் உள்ள இருக்காங்கன்னு கேளுங்க."

கேட்டாள். மூன்று வரி வந்தது.

"முதல் வரி நீங்க. ரெண்டாவது?"

"அக்கா."

"எந்த மிஷின்லேருந்துன்னு போட்டிருக்கும் பாருங்க."

"இதுதான். இதே கீபோர்டு."

"மூணாவது?"

அவர் பெயர். உள்ளே வந்த தேதி, அவர் உயிர் போன தேதி. நேரம் பத்து பன்னிரண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த அதே நேரம்.

"அண்ணி? இருக்கீங்களா?"

போனைக் கீழே வைத்தாள். ஈர வாடை தோளருகே வந்திருந்தது. இரண்டு உள்ளங்கையையும் விசைகளின் மேல் பரப்பி வைத்தாள்.

கைக்கு அடியில் விசைகள் தாமே இறங்கின. வேகமாக. பத்து விரல்.

நின்றது.

பிறகு, ஒவ்வொன்றாக. தேடித் தேடி. இரண்டு விரல்.

மறுபடி பத்து விரல், இந்தத் தடவை நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோல. மறுபடி இரண்டு. அப்புறம் மூன்று.

அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

அவள் பெட்டியில் இன்றைக்கும் பூஜ்யம்தான்.