உப்புவெளியில் சந்தன வாசனை

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வண்டிப் படியில் நின்று, "போயிட்டு வரட்டுமா?" என்று அவர் கேட்டது என்னிடம்தான். நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்றுக் காலை நடந்ததை இப்படித் திரும்பத் திரும்ப நினைத்தபடி, கோகிலவாணி கேரவனின் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாள். கையில் டார்ச். முகத்துக்கு நேரே வரிசையாய் பேட்டரிகள். வெளியே, கட்ச் உப்புப் பாலை கண் கூசும் வெள்ளையாய் வானம் வரைக்கும் கிடந்தது.

பீ... பீ... பீ! இன்வெர்ட்டர் மறுபடியும் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ட்ரோன் சார்ஜரில் தெரிந்த பச்சைப் புள்ளியும் செத்தது.

"என்னாச்சு அம்மிணி? வந்துச்சா?" வாசலிலிருந்து அண்ணன் நாச்சிமுத்து கத்தினான்.

"இல்லைங்கண்ணா. சார்ஜரை மாட்டுனா கொஞ்ச நேரம் நிக்குது. உடனே கட் ஆயிடுது."

"செல்போனு மட்டும் சார்ஜ் ஏறுதே!"

"அது சின்ன லோடு. இதைத் தாங்க மாட்டேங்குது."

அந்த வண்டி கரூரில் அவர்கள் அப்பாவின் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் உருவானது. கட்டிலும் அடுப்பும் அலமாரியும் நாச்சிமுத்துவின் யோசனை. வயரிங் முழுக்க வாணியின் கை. எல்லாம் ஒரு படத்தை நம்பித்தான்! செயற்கைக்கோள் படத்தில் இந்த உப்புவெளியின் நடுவே, விலா எலும்புகள்போலச் சில கறுப்புக் கோடுகளை நாச்சிமுத்து கண்டுபிடித்திருந்தான். "இதெல்லாம் ஒரு காலத்துல கடலு. சேத்துல பொதைஞ்ச கப்பல்தான் அது! உள்ளார என்ன இருக்குமோ, ஆரு கண்டா?" என்று அவன் சொன்னதும், வாணியின் கணவன் பரணிதரனுக்குத் தூக்கம் போய்விட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். வண்டியைத் தெரிந்தவள் கூட வேண்டும் என்று வாணியையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கெட்டித் தரை முடிந்த இடத்தில் கேரவன் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மேலே உப்பு, அடியில் சேறு. பரணி இரண்டு பாட்டில் தண்ணீரோடு பைக்கில் தனியாகக் கிழக்கே போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை.

அவனைத் தேடி நேற்று மாலை வரை ட்ரோனைப் பறக்க விட்டார்கள். கிழக்கு முழுவதும் வெறும் வெள்ளை. கைவசம் இருந்த ட்ரோன் பேட்டரிகள் அத்தனையும் தீர்ந்தன. சார்ஜ் போட்டபோது இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. உப்புமேல் டயர்த் தடம் பதியவில்லை. நடந்து தேடப் போன நாச்சிமுத்து, வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும் திசை தெரியாமல் மிரண்டு திரும்பி ஓடிவந்தான். போனில் சிக்னல் இல்லை. ஊருக்குப் போய் ஆளைக் கூட்டி வந்தால் நாளைக்காகிவிடும். நாளைக்கு என்ற இடத்திலேயே வாணியின் மனம் நின்றுவிட்டது.

"ஃபியூஸ் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பேட்டரி போயிருச்சு. வெயிலுக்கு வெந்திருக்கும்." நாச்சிமுத்து பாய்ந்து போய் ஜம்பர் வயரைக் கொண்டு வந்தான். "இன்ஜின் பேட்டரியச் சேத்துக் குடுப்போம். புடி!"

சேர்த்தார்கள். இன்ஜினையும் ஓட விட்டார்கள். வாணி சார்ஜரைச் செருகினாள். பச்சைப் புள்ளி எரிந்தது. ஒன்றிரண்டு நொடிகள் எரிந்துகொண்டே இருந்தது!

பீ... பீ... பீ!

நாச்சிமுத்து ஜம்பர் வயரைத் தரையில் வீசினான். "இன்வெர்ட்டரே கருகிருச்சு. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது அம்மிணி." கேரவன் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நாந்தான் மாப்பிள்ளையக் கொன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க!" அவள் அதட்டினாள். ஆனால் அதட்டியபோதே, அந்தச் சொல் தனக்குள்ளும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்தே வண்டிக்குள் ஒரு வாசனை இருந்தது. சந்தன வாசனை. மாமனாரின் உடல் கிடந்த கூடத்தில், அவரைத் தூக்குவதற்கு முன் இப்படித்தான் மணத்தது. எதற்கு இப்போது இந்த வாசனை? யார் காட்டுகிறார்கள் எனக்கு? என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்.

அவள் மறுபடி கட்டிலுக்கடியில் நுழைந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அழுவதற்கு அங்கே இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். மீட்டரைப் பேட்டரியில் வைத்தாள். நிறைந்த பேட்டரி, பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. நூறு தடவை பார்த்தாயிற்று. பேட்டரி பொய் சொல்லவில்லை. அப்படியானால் இன்வெர்ட்டர் கரண்ட் போதாமல் எதற்குப் பசி பசி என்று கத்துகிறது?

அவளுடைய கை அப்படியே நின்றது. பானையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்வெர்ட்டரின் தட்டில் சோறு விழுகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே!

"அண்ணா! சார்ஜரை மாட்டுங்க! நான் சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்ப மாட்டிட்டே இருங்க!"

மீட்டரின் முனைகளை இன்வெர்ட்டரின் பின்பக்க போல்ட்டுகளில் அழுத்தினாள். சார்ஜர் மாட்டிய கணத்தில் எண் சரிந்தது. பத்துகூட இல்லை. கேபிள் புறப்படும் இடத்தில் முழுதாக இருப்பது, வந்து சேரும் இடத்தில் இல்லை! நடுவில் எங்கோ கரைகிறது. சிவப்புக் கேபிள் இறுக்கியிருந்த போல்ட்டை விரலால் தொட்டாள்.

"ஆ!"

"என்ன? ஷாக்கா?"

"சுடுதுங்கண்ணா! கொதிக்குது!" அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "மெயினை ஆஃப் பண்ணுங்க. ஸ்பேனரைக் குடுங்க!"

நட்டு கழன்றது. கேபிளை இழுத்ததும் அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. போல்ட்டுக்கும் கேபிளின் செம்பு வளையத்துக்கும் நடுவே கருகிப்போய் அப்பியிருந்தது சந்தனமும் குங்குமமும்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான்.

வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புகிற நாளில் சக்கரம், ஸ்டீயரிங், இன்ஜின் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் வாணி வைக்கப் போனபோது நாச்சிமுத்து தடுத்தான். "மேல வெச்சா தொடைச்சிட்டுப் போயிரும் அம்மிணி. போல்ட்டைக் கழட்டி உள்ளார வெய்யி. வர்ற வரைக்கும் காப்பாத்தும்." செம்பும் செம்பும் ஒட்ட வேண்டிய இடம் அது, நடுவே தூசிகூட இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சரிங்கண்ணா என்று கழற்றினாள். வைத்தாள். இறுக்கினாள். ஊர்தாண்டி வருகிற வரைக்கும் ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த உலோகம், குலுங்கலில் நெகிழ்ந்திருந்தது; ஏசி ஓடிய சூட்டில் நடுவிலிருந்த சந்தனம் கருகிவிட்டிருந்தது.

பேச நேரமில்லை. கத்தியால் சுரண்டினாள். பஞ்சர் பெட்டியிலிருந்த உப்புத்தாளால் செம்பு சிவக்கும்வரை தேய்த்தாள். கேபிளை மாட்டி இறுக்கினாள். மெயின் ஆன்!

பச்சைப் புள்ளி எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. இன்வெர்ட்டர் கத்தவில்லை. மெல்ல முனகியபடி ஓடியது.

சார்ஜ் ஏற ஏற வெயிலும் ஏறியது. கிழக்கே நேற்றே பார்த்தாயிற்று; இந்தத் தடவை வாணி ட்ரோனை வடக்கே விட்டாள். திரையில் வெள்ளை. மறுபடி வெள்ளை. தண்ணீர்போல் ஒன்று மின்னி, கிட்டே போனதும் காணாமல் போனது. திரும்புகிற அளவுக்கு மட்டும் சார்ஜ் மிச்சமிருந்தபோது, நாச்சிமுத்து அலறினான். "அங்க பாரு! பைக்கு!"

சேற்றில் பாதி புதைந்த பைக். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில், சட்டையைத் தலைக்கு மேல் போர்த்திய ஒரு உருவம். அசையவில்லை. அவள் ட்ரோனைத் தாழ்த்தினாள். காற்று சட்டையைத் தூக்கியது. சட்டைக்கு அடியிலிருந்து ஒரு கை, வெளிச்சத்தை மறைப்பதுபோல, மெதுவாக மேலே எழுந்தது.

அண்ணன் தண்ணீர்க் கேனைத் தோளில் போட்டு ஓடினான். வாணி ட்ரோனைத் திருப்பவில்லை. வழிகாட்டும் புள்ளியாய், கணவனின் தலைக்கு மேலேயே நிறுத்தினாள். சார்ஜ் தீர்ந்து அது உப்பில் விழுவதற்குள் நாச்சிமுத்து பைக்கைக் கண்ணால் பார்த்துவிட்டிருந்தான்.

வெயில் சாய்ந்தபோது, வாணி விட்டுவிட்டு அடித்த ஹார்ன் சத்தத்தைப் பிடித்து, மாப்பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு அவன் திரும்பினான். சுமந்தவனின் பாதம் இரண்டும் உப்பில் கிழிந்து ரத்தம். பரணியைக் கட்டிலில் கிடத்தி, வாணி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். ஃபேனைப் போட்டாள். பரணியின் உதடு வெடித்திருந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"பாத்தேன் மச்சான்," என்றான். "விலா எலும்பு மாதிரி. கட்டைதான். விழுந்த எடத்துலருந்து கூப்பிடு தூரம்."

நாச்சிமுத்துவின் முகம் மாறியது. இடுப்பில் செருகியிருந்த ட்ரோனை எடுத்து, உப்பைத் துடைத்தான். "அம்மிணி, எறக்கை ஒடையல. இப்பத்தான் கரண்டு இருக்குதே! ஒரே ஒரு தடவை. ரெண்டு போட்டோ போதும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரிதான்."

"எனக்கு ஒண்ணுமில்ல வாணி," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பறக்க விடு."

அந்தக் குரலுக்கு அடியில் மூச்சு இரைவதை அவள் கேட்டாள். அவர் பார்த்தது கட்டையாகவும் இருக்கலாம். தண்ணீர்போல் மின்னி மறைந்ததே, அதுவாகவும் இருக்கலாம். அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையே வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவினாள். வயரைச் சுற்றி அலமாரியில் வைத்து மூடினாள். ஷெட்டில் பஸ்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகிய கை, அண்ணனிடம் சாவிக்காக நீண்டது.

"மாட்டேனுங்கண்ணா," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க அவரைப் புடிச்சுக்கோங்க. நான் ஓட்டறேன்."