பூட்டு தெரிகிற மாதிரி ஒரு படம்

தணிக்கை அதிகாரி வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், தணிக்கையிலிருந்து அல்ல. பால் பொங்கி வழிந்தால் அடுப்பிடமே விளக்கம் கேட்கிற மனிதர். வேறு மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியேறிய பிறகு, பழைய ஊரில் இருந்த சொந்த வீட்டைக் கவனிக்க ஒரு மேனேஜரை அமர்த்தினார். அமர்த்தியதும் முதல் வேலையாக ஒரு விதியும் போட்டார்.

மாதம் பிறந்தால் வாசல் கதவின் படம் வந்தாக வேண்டும். பூட்டு தெளிவாகத் தெரிய வேண்டும்.

வீட்டை விற்கும் எண்ணம் அவருக்கு. ஆள் குடியிருந்தால் வாங்க வருகிறவன் யோசிப்பான், காலி வீடுதான் விலைபோகும். அது விலைபோனால்தான் இப்போது வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீடு சொந்தமாகும். படம் தவறாமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 'பார்த்தேன். சரி' என்று பதில் போட்டுவிட்டு, ஒரு ராஜ்யத்தையே உட்கார்ந்த இடத்திலிருந்து ஆள்வதுபோல் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

"பூட்டுக்கு இந்தப் பக்கம்தானே படத்துல தெரியுது," என்றாள் மனைவி ஒருமுறை. அவரோ ஆட்சேபணைகளை எழுத்தில் மட்டுமே ஏற்றுப் பழகியவர்.

கடைசியில் ஒரு ஆள் வாங்கச் சம்மதித்தார். மேனேஜருக்குச் சொல்லாமல் திடீர் ஆய்வாகவே போய் இறங்கினார் தணிக்கை அதிகாரி. பிற்பகல் நேரம். வானம் மூடிக்கொண்டு, மழையும் வராமல் வெயிலும் அடிக்காமல் தெரு சாம்பல் பூத்துக் கிடந்தது. வாசல் கதவில் பூட்டு தொங்கியது. படத்தில் பார்த்த அதே பூட்டு. திருப்தியாக அதைத் தொடப் போனவரின் கை பாதியில் நின்றது.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மிதிக்க மிதிக்கத் தடதடவென்று ஓடி, தையலின் முனையில் நின்று, மறுபடி ஓடுகிற சத்தம். நடுவே ஓர் இருமல். கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கும் ஓசை.

அவருக்குப் பயம் வரவில்லை. ஆனந்தம்தான் வந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதைவிட ஒரு தணிக்கை அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? காலி என்று படம் அனுப்பிவிட்டு, கள்ளத்தனமாக ஆளைக் குடிவைத்து வாடகையை விழுங்கியிருக்கிறான். மேனேஜரைப் போனில் பிடித்து, உடனே வரும்படி சொன்னார்.

மேனேஜர் பைக்கில் வந்து இறங்கினான். அவனுடைய விசிட்டிங் கார்டில் அவன் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் ஒரு ரயிலுக்குப் போதும். இப்போது எல்லாப் பெட்டியும் கழன்ற எஞ்சின் மாதிரி நின்றான்.

"உள்ள யாருமே இல்ல சார்."

"அப்ப தைக்கிறது யாரு? உங்க மாமியாரா?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. "உங்களுக்கும் கேக்குதா சார்?" என்றான்.

சாவியைப் பூட்டில் நுழைத்தான். அந்தச் சின்ன உலோகச் சத்தம் எழுந்ததுமே உள்ளே மெஷின் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து நிற்கவில்லை. யாரோ சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்ததுபோல் சட்டென்று.

கூடம் துடைத்துவிட்டாற்போல் காலி. தரையில் ஒரு மெஷினின் கால்கள் அழுத்தியிருந்த தடம் மட்டும் இருந்தது. எண்ணெய் வாசனையும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. மேனேஜர் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. நீங்க பாத்துட்டு வாங்க சார் என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டான்.

அவர் அறை அறையாகப் பார்த்தார். ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு நிசப்தம் உண்டு, அவருக்குத் தெரியும். இது அது அல்ல. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கிப் பிடித்திருக்கிற ஒருவரின் நிசப்தம்.

வாசல் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பூட்டு விழுந்தது.

"யோவ், திறய்யா," என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கதவைத் தள்ளினார். விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, பூட்டில் இடித்து நின்றது.

"நான் பூட்டல சார்." இடுக்கில் மேனேஜரின் ஒரு கண் தெரிந்தது. சாவியைத் திருகிக்கொண்டே அழுதான். "திரும்ப மாட்டேங்குது சார். அவங்கதான் சார்."

அழுகையோடு அழுகையாக எல்லாம் வந்தது. உறவென்று யாருமில்லாத ஒரு தையல்காரம்மாவை அங்கே குடிவைத்திருந்தான். ஒவ்வொரு முதல் தேதியும், சத்தம் போடாதீங்க, ஓனரோட ஆள் யாராவது பாத்துடப் போறாங்க என்று சொல்லி, அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிப் படம் எடுப்பான். எடுத்ததும் திறந்துவிடுவான். ஒரு மாதம், படம் எடுத்த கையோடு வேறொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்ததாகப் போன் வந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியவன் இவளை மறந்தே போனான். அவளுக்கு மூச்சிழுப்பு நோய். மருந்து வாங்கக் கிளம்பி நின்றவளைத்தான் உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தான். சாயங்காலம் வந்து திறந்தபோது கதவில் சாய்ந்தபடியே இருந்தாள். இழுப்பில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னான். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"கத்தியிருக்கலாமேய்யா," என்றார் தணிக்கை அதிகாரி.

"கத்தக் கூடாதுன்னு நான்தானே சார் சொல்லியிருந்தேன்."

அவருக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. கதவுக்கு அடியில், வெளிச்சக் கோட்டில், இரண்டு பாதங்களின் நிழல். 'பார்த்தேன். சரி' என்று அதற்கும் எழுதியிருந்தார்.

அப்போதுதான் காதருகே கேட்டது. மூச்சு. உள்ளே போக வழியில்லாமல், மெல்லிய விசில்போல் இழுத்துக்கொண்டு.

அவர் திரும்பவில்லை.

மூச்சு அவர் பிடரியில் பட்டது. குளிராக.

வெளியே மேனேஜரின் போன் படம் எடுக்கும் 'க்ளிக்' ஓசை கேட்டது. "நான் எடுக்கல சார்," என்று அலறினான். அந்த ஓசை அடங்கியதும் பூட்டு தானாகத் திறந்து விழுந்தது. மேனேஜர் போனைப் படியிலேயே போட்டுவிட்டு, பைக்கையும் மறந்து ஓடினான். தணிக்கை அதிகாரி அவனை முந்திக்கொண்டு ஓடினார் என்பதை அவரே பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை.

எதையுமே சொன்னதில்லை. போலீஸுக்குச் சொல்லலாமா என்று திரும்பும் ரயிலில் ஒரு கணம் யோசித்தார். சொன்னால் வீடு விலைபோகாது. வாங்கியவருக்குச் சாவி தபாலில் போனது. அடுக்குமாடி வீடு சொந்தமானது. என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க என்று மனைவி கேட்டதற்கு, பயணக் களைப்பு என்று குறிப்பு எழுதுவதுபோல் சொல்லி முடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பிறந்தது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டப்பகல், கீழே குழந்தைகள் விளையாடும் சத்தம். மருந்துக்கடைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

மேனேஜரின் எண். படியில் கிடந்த அந்தப் போன்.

படம் ஒன்று வந்திருந்தது. கதவும் பூட்டும். கதவின் நிறம் வேறாக இருந்தது. எண்பலகை தெரிந்தது.

அவருடைய அடுக்குமாடி வீடு.

கதவுக்கு அடியில் இரண்டு பாதங்களின் நிழல். அவர் தன் கால்களைப் பார்த்தார். கதவை இழுத்தார். அசையவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறுகி, மூச்சு விசில்போல் இழுக்க ஆரம்பித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

பக்கத்தில் யாரோ மெல்ல இருமினார்கள்.

"சத்தம் போடாதீங்க சார்," என்றது ஒரு பெண்குரல், ரொம்பப் பணிவாக. "படம் எடுத்துட்டாங்க. இப்பத் திறந்துடுவாங்க."