சிக்னலைக் குடிக்கும் மூலை

கூனிமேட்டிலிருந்து ஆசிப் பைக்கில் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். பாத்திகளில் நின்ற நீர் கண்ணைத் திறக்கவிடவில்லை. கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கட்டடம். பழைய உப்புக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் லாரி நிழலில் படுத்தபடியே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா, துபாய் இன்ஜினியரு," என்றார் முதலாளி விஜயகுமார். "நீ மாட்டிட்டுப் போன டப்பாவுல ஒரு பில்லு போடறதுக்குள்ள லாரிக்காரன் தூங்கி எழுந்துடறான். இல்ல, உள்ள உக்காந்துனு இருக்காளே மகராணி, அவ படம் பாக்கறாளா? அதையும் பாத்துச் சொல்லு. டப்பா நல்லா இருந்தா இன்னிக்கே அவளைத் தொரத்திடுவேன். டப்பாதான் கோளாறுன்னா உன்னை."

ஆசிப் சிரித்துச் சமாளித்தான். துபாயில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு நெட் ஒயர் இழுத்தவன். ரவுட்டர் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் போதும், பசியை மறந்து சொல்லிக்கொண்டிருப்பான். கேட்காவிட்டாலும் சொல்வான்.

உள்ளே குளிர்ந்தது. மின்விசிறிக் காற்றின் குளிர்ச்சி இல்லை அது; வெயிலே படாத கல்லின் குளிர். உவர் வாடையோடு, வெகுநாள் ஊறிய துணியின் வாடையும் சேர்ந்து வந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் கலைமதி உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. மேசையடியில் காலித் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடந்தன.

"சத்தியமா நான் படமெல்லாம் பாக்கல பாய். இந்த வேலையும் போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாது."

"பயப்படாதீங்கம்மா. முதல்ல லைனைப் பாப்போம்."

சுவரிலிருந்து வந்த ஒயரை ரவுட்டரிலிருந்து கழற்றித் தன் லேப்டாப்பில் நேராகச் சொருகினான். பக்கங்கள் பறந்தன.

"பாத்தீங்களா? லைன் நல்லா இருக்குது. அப்போ காத்துல வரும்போதுதான் எங்கியோ காணாம போவுது. ரவுட்டரை ஒரு பல்புன்னு நெனச்சுக்குங்க. அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். மரம் குறுக்க நின்னா கொஞ்சம் விடும். இரும்பு திருப்பி அடிச்சுடும். தண்ணி இருக்குதே, அது குடிச்சிடும். உப்புத் தண்ணின்னா இன்னும் ருசியாக் குடிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "நானும் குடிச்சினேதான் இருக்கேன் பாய். தாகமே அடங்க மாட்டேங்குது."

ரவுட்டர் இரும்பு பீரோவின் மேல் இருந்தது. அவன் மாட்டிவிட்டுப் போன இடத்திலிருந்து யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்; தப்பான இடம் அது. அதை இறக்கி ஒயரை மறுபடி சொருகி, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரின் மரப்பலகையில் உயரமாக வைத்து, ஆன்டெனாக்களை நிமிர்த்தினான். குறுக்கிட அக்கம்பக்கத்தில் வேறு வைஃபை கிடையாது. சரியாகியிருக்க வேண்டும்.

கலைமதியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

செல்போனில் சிக்னலை அளக்கும் ஆப்பைத் திறந்தான். கார் மீட்டர் போல ஒரு முள். ஜன்னலோரம் முள் உச்சியில் நின்றது. வாசலிலும் அப்படியே. மேசைப் பக்கம் வந்ததும் தொப்பென்று விழுந்தது. ஓர் எட்டு தள்ளி நின்றால் ஏறியது. ஓர் ஆள் அகலத்துக்கு, நீளமாக ஒரு நிழல். சாக்பீஸால் அதைத் தரையில் கோடு போட்டுக்கொண்டான்.

பிறகு ரவுட்டரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினான். நிழலும் திரும்பியது. விளக்கை நகர்த்தினால் தூணின் நிழல் திரும்பும், தூண் நகராது. புதிய நிழலுக்கும் கோடு போட்டான். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் தூண் இருக்க வேண்டும்.

கோடுகள் கலைமதியின் நாற்காலிக்குப் பின்னால் வெட்டிக்கொண்டன.

அங்கே ஒன்றும் இல்லை.

"வந்துடுச்சு பாய்!" என்றாள் கலைமதி. திரையில் பில் வந்து விழுந்திருந்தது. வேறொருவனாக இருந்தால் அத்தோடு பையைக் கட்டியிருப்பான். ஆசிப்புக்குக் காரணம் தெரியாமல் கிளம்ப மனம் வராது.

"ஆப்பு தப்பாக் காட்டுதோ என்னவோ. மனுஷ உடம்புலயும் பாதிக்கு மேல தண்ணிதான். ரவுட்டருக்கும் இந்த போனுக்கும் நடுவுல வந்து நில்லுங்க. முள்ளு எறங்கும் பாருங்க."

அவள் எழுந்து வந்து நின்றாள்.

முள் அசையவில்லை.

"இன்னும் கிட்ட வாங்க."

போன் அவள் துப்பட்டாவில் உரசும் அளவுக்கு வந்தாள். முள் அசையவில்லை. ஆசிப் தன் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினான். உடனே இறங்கியது.

அந்தப் பெண்ணின் உடம்பில் சிக்னலைக் குடிக்கத் தண்ணீரே இல்லை என்றது முள். யாருமே இல்லாத இடத்தில் ஓர் ஆள் அளவு தண்ணீர் நிற்கிறது என்றது.

"உங்களுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"ராஜ்கமல்னு ஒருத்தரு. உக்காந்த எடத்துலயே விழுந்துட்டாரு. உடம்புல தண்ணியே இல்லன்னாங்களாம் டாக்டரு. பொழைக்கல. வெயில்தான் காரணம்னு முதலாளி சொல்லிட்டாரு." அவள் குரலும் தாழ்ந்தது. "அவரு வெயில்ல எறங்கினதே இல்ல பாய்."

ஆசிப் நின்ற இடத்திலேயே நின்றான்.

முள் இறங்கியது.

இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தான். ஏறியது. ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி இறங்கியது.

ஊறிய துணியின் வாடை முகத்துக்கு நேராக வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பையை எடுங்க," என்றான் உதடு அசையாமல். "பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுங்க."

"வேலை போயிடும் பாய்."

"போவட்டும். நான் சொல்லும்போது மட்டும் நடங்க."

போனை விளக்கைப் போல ஏந்திக்கொண்டான். ஆபீஸில் அது எங்கே நிற்கிறது என்று சொல்லக்கூடியது அந்த முள் ஒன்றுதான். "செவுத்தை ஒட்டி வாங்க. நில்லுங்க... திரும்பாதீங்க. இப்போ வாங்க." அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். வாசலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

கதவு படாரென்று திறந்தது.

"லாரி நிக்குது, இங்க என்ன கண்ணாமூச்சி ஆடினு இருக்கீங்க?" விஜயகுமார் நேராகப் போய் ரவுட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். "எடுத்துனு போடா உன் டப்பாவ!"

பச்சை விளக்குகள் அணைந்தன. முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

இப்போது அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"பாய்..." என்றாள் கலைமதி. அவள் துப்பட்டாவின் ஒரு முனை காற்றே இல்லாமல் பின்பக்கம் விறைத்து நின்றது.

ஆசிப் பாய்ந்து அவள் கையைப் பற்றி இழுத்தான். கை வைக்கோல் போல லேசாக இருந்தது. துப்பட்டா கிழிந்தது. வாசலைத் தாண்டும்போது அவன் முழங்கையில் ஏதோ உரசியது. உரசிய இடம் நனையவில்லை. இருந்த வியர்வையும் காய்ந்து, தோல் சுருங்கி, வெள்ளை பூத்திருந்தது.

அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய், ஈசிஆர் ரோட்டில் வந்த முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

கலைமதி பிழைத்துக்கொண்டாள். சில நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். விஜயகுமார் மட்டும், துபாய்க்காரன் டப்பாவை மாட்டி ஏமாற்றியதுமில்லாமல் ஆபீஸ் பெண்ணையும் கிளப்பிக்கொண்டு போனான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆசிப்புக்குக் கடற்கரைப் பக்கம் யாரும் வேலை தரவில்லை.

ஒருநாள் மதியம் அவரே போன் செய்தார். குரல் மணலில் இழுத்த கட்டை போலிருந்தது.

"புதுசா வேற ரவுட்டரு வாங்கி மாட்டினேன்பா. அதுலயும் வட்டம் அப்படியேதான் சுத்துது."

"பில்லு போட யாரு உக்காந்திருக்காங்க சார்?"

"எவளும் வரமாட்டேங்கறா. நானேதான்."

ஆசிப் கண்ணை மூடித் திறந்தான். அந்த மனிதர் மேல் கோபம் இருந்தது. ஆனாலும் பல்பிலிருந்து தொடங்கி, நிழல், தண்ணீர், முள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னான். விஜயகுமார் முதன்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் ஒரு சத்தம். மடக், மடக், மடக்.

"சார், முதல்ல எழுந்து வெளிய வாங்க. அப்புறம் தண்ணி குடிக்கலாம்."

"தண்ணியா? பாட்டிலெல்லாம் காலிப்பா. எழுந்திரிக்கத்தான் முடியல."

"அப்போ பக்கத்துல யாரு குடிக்கறாங்க?"

"இங்க யாரும் இல்ல," என்றார் விஜயகுமார். "நான் மட்டுந்தான் இருக்கேன்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. போனுக்கு மிக அருகில், அவசரமே இல்லாமல், மூச்சு வாங்கக்கூட இடைவெளி விடாமல் எதுவோ விழுங்கிக்கொண்டிருந்தது.