சாவித்துளைப் பாறையில் இடுப்பளவு தண்ணீர்

பள்ளிப் பேருந்து தன் சூப்புக் கடை வாசலில் வந்து நின்றபோதே விஷயம் பெரிது என்று ஓட்டிஸ் பெல்லுக்குப் புரிந்துவிட்டது. ரூத் ஹால்வர்சன் இருபத்திரண்டு வருடமாக ஹெரன் துறை ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். சொந்த வேலைக்காக அந்த வண்டியை எங்கும் நிறுத்தியதில்லை. அவள் ஹாரன் அடித்து ஊரில் ஒருவரும் கேட்டதுமில்லை. அவ்வளவு அடக்கம்.

ரூத் நேராக மூலை மேசைக்குப் போனாள். அங்கே எட்னா வின்ஸ்லோ மட்டிச் சிப்பிச் சூப்பை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக மூழ்கின படகுகளையும், மூழ்காமலே மூழ்கியதாக எழுதிக் கொடுக்கப்பட்ட படகுகளையும் ஆராய்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ஏதாவது சிக்கல் என்றால் அந்த மூலை மேசைக்குத்தான் வரும். கூடவே ஓட்டிசும் கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் புகைப்படச் சங்கத்துல என்னைத் திருடின்னு சொல்லி வெளிய அனுப்பப் போறாங்க, எட்னா" என்ற ரூத், ஒரு படத்தை மேசைமேல் வைத்தாள்.

ஓட்டிஸ் எட்டிப் பார்த்தான். கடலோரச் சாவித்துளைப் பாறை. அதன் நடுத் துவாரம் வழியாகக் கடலும் வானமும் செக்கச் செவேலென்று தெரிந்தன. சூரியன் மூடுபனிக்குள் போய்விட்டிருந்தது. பாறையின் அடிப்பாகம் முழுக்க ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள் ஒட்டிக் கிடந்தன. அவற்றின் ஈரத்தில்கூட அந்தச் சிவப்பு இருந்தது. தினமும் பார்க்கிற பாறைதான், ஆனாலும் ஓட்டிஸ் குனிந்து இன்னொரு தரம் பார்த்தான்.

"எப்ப எடுத்தது?" என்று கேட்டார் எட்னா.

"இந்த ஜனவரியில. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுட்டுக் கரைக்கு வந்தேன். அஞ்சு பத்து இருக்கும். கடல் ரொம்ப தூரம் உள்ள போயிருந்துச்சு. பாறைக்கு அடியில மண்டி போட்டு எடுத்தேன்."

மீதியை அவள் கொட்டித் தீர்த்தாள். சங்கத்தின் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் கிளிஃபர்ட் டன்னிங். போன மாதம் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, கேமராவின் நினைவட்டையை அவரிடம் கொடுத்தாள். படம் வந்தது. அட்டை வெறுமையாக வந்தது. பழுதாகிவிட்டது என்றார். இப்போது துறைமுகத்தின் புது மண்டபச் சுவருக்கு அந்தப் படம்தான் என்று முடிவானதும், அது தான் போன ஜூனில் எடுத்தது என்கிறார். அவர் கையில் உள்ள கோப்பிலும் ஜூன் தேதிதான் இருக்கிறது.

"அவர் படத்தை நான் எடுத்து என்னோடதுன்னு சொல்றேனாம். படம் போனாப் போகட்டும் எட்னா. நாளைக்குக் காலையில அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கதவைத் திறப்பேன்?" என்றாள் ரூத்.

"கேமராத் தேதியை யார் வேணும்னாலும் திருப்பி வைக்கலாமே" என்று துள்ளினான் ஓட்டிஸ்.

"அதையேதான் அவரும் ரூத்தைப் பத்திச் சொல்லுவாரு. சுவர்க் கடிகாரம் மாதிரிதான், யார் கை எட்டுதோ அவங்க திருப்பலாம். நமக்கு யார் கையும் எட்டாத கடிகாரம் வேணும்" என்றார் எட்னா.

எட்னாவும் ஓட்டிசும் கிளிஃபர்ட் வீட்டுக்குப் போனபோது காலை மணி ஒன்பது. கதவில் ஓர் அட்டை தொங்கியது. பத்து மணிக்கு முன் தட்ட வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எட்னா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் காரிலேயே காத்திருந்தார். ஓட்டிசுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

கிளிஃபர்ட் இரவு அங்கியோடு கதவைத் திறந்தார். வரவேற்பறைச் சுவரெல்லாம் அவர் எடுத்த படங்கள். வரிசையாகக் கடல்மேல் சூரிய அஸ்தமனம். அப்புறம் வரிசையாகக் கள்ளிச்செடிகள்.

"இது எந்த ஊரு?" என்று கள்ளிகளைக் காட்டினார் எட்னா.

"அரிசோனா. நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் அங்கதான். இந்த மழையில யாரு கிடந்து ஊறுவா?"

"அப்ப ரூத் சொல்ற ஜனவரியில நீங்க இங்க இல்லை."

"அதான் சொல்றேனே. நான் எடுத்தது அதுக்கு முன்னாடி ஜூன்ல. பதினாலாம் தேதி, ராத்திரி ஒன்பது மணி. ஜூன்ல இங்க சூரியன் மறையவே ஒன்பது ஆயிடுமே. மீன் வறுவல் சாப்பிட்டுட்டுக் கரைக்கு இறங்கினேன். கடல் பக்கம் செவந்திருக்கு பாருங்க. மேற்கு. அந்தி வெளிச்சம்."

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"பாறைக்கு அடியில மண்டி போட்டுத்தான். வேற எங்க?"

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

"தாராளமா" என்று எழுதித் தந்தார் கிளிஃபர்ட். ஓட்டிசுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஒண்ணுமே சிக்கலையே" என்றான் காரில் ஏறியதும்.

"உன் கல்லாவுக்கு மேல என்ன தொங்குது ஓட்டிஸ்?"

"சூப்பு விலைப் பட்டியல்."

"அதுக்குப் பக்கத்துல?"

"கடல் ஏற்ற இறக்க அட்டவணை. மட்டி தோண்டப் போறவங்க பார்க்கிறது."

"இன்னைக்குப் பக்கத்தைப் பாரு. சாயங்காலம் இடுப்பு வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டு வா."

ஆறு மணிக்குச் சங்கம் கூடியது. தலைவி வில்மா ஓர்ட்டேகா ரூத்தின் பெயரை வாசிக்க வாயெடுத்ததுமே எட்னா எழுந்தார். ஒரு மணி நேரம் பொறுத்து எல்லாரும் சாவித்துளைப் பாறைக்கு வந்தால் நல்லது என்றார். மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

ஏழே காலுக்கு இருபது பேர் மணலில் நின்றார்கள். கிளிஃபர்ட் பளபளக்கும் தோல் காலணியோடு வந்திருந்தார். ஓட்டிஸ் பூட்ஸை அவர்முன் வைத்தான்.

"படத்துல இருக்கிற இடத்துக்குப் போய் மண்டி போடுங்க கிளிஃபர்ட்" என்றார் எட்னா.

கிளிஃபர்ட் கடலைப் பார்த்தார். பாறையைச் சுற்றி நுரைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. "கடல் இன்னும் இறங்கட்டும்."

"இறங்கியாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் இதுக்குக் கீழே போகாது. ஓட்டிஸ், நீ போய் நில்லு."

ஓட்டிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினான். பாறையடியில் போய் நின்றபோது தண்ணீர் இடுப்பைத் தொட்டது. "நட்சத்திர மீன் ஒண்ணும் தெரியலை" என்று அங்கிருந்தே கத்தினான். "எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே இருக்கு."

"இன்னைக்குக் காலையில ஏழரைக்கு எல்லாம் வெளிய தெரிஞ்சுது" என்றார் எட்னா. "இப்ப மாதிரியேதான், நம்ம கரையில கோடைக்காலம் முழுக்கக் கடல் அடி வரைக்கும் இறங்குறது விடியக் காலையிலதான். சாயங்காலம் இறங்குறது அரைகுறை. குளிர்காலத்துல அப்படியே தலைகீழ். அந்தி சாயற நேரத்துல அடி தெரிய வத்தும். செவந்த மேற்கு வானமும் வெளியே கிடக்கிற நட்சத்திர மீனும் ஒரே படத்துல வரணும்னா அது குளிர்காலம்தான். போன வருஷ அட்டவணையையும் பார்த்தேன். ஜூன் பதினாலு ராத்திரி ஒன்பதுக்கு அங்க மண்டி போட்டிருந்தா நீங்க இன்னைக்கு உயிரோட இருக்க மாட்டீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வில்மா தலையில் அடித்துக்கொண்டார். "தினம் தினம் அட்டவணையைப் பார்த்துட்டுத்தான் கரைக்கு வர்றோம். நமக்கு ஏன் தோணலை?"

"நாம எல்லாரும் கேமராத் தேதியவே பார்த்துட்டிருந்தோம். ஆனா கிளிஃபர்டுக்குத் தெரியவே வழியில்லை. குளிர்காலத்துல அவர் இங்க இல்லை. கோடையில பத்து மணி வரைக்கும் தூக்கம். காலைக் கடலையும் பார்த்ததில்லை, ஜனவரிக் கடலையும் பார்த்ததில்லை. சாயங்காலக் கடல் எல்லா மாசமும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டாரு." எட்னா பையிலிருந்து கையெழுத்திட்ட தாளை எடுத்து வில்மாவிடம் நீட்டினார். "படகை மூழ்கடிச்சவங்களும் இப்படித்தான். ஆளு, பேரு, நேரம் எல்லாம் சரியாச் சொல்லுவாங்க. தண்ணியை மறந்துடுவாங்க."

கிளிஃபர்ட் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மணலில் நடந்து போய்விட்டார். ரூத்தின் கோப்பு அவருடைய கணினியில்தான் இருக்கும், நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார் எட்னா.

வில்மா ரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். "பித்தளைத் தகட்டுல உன் பேரைப் பொறிக்கணும். வேற ஏதாவது சேர்க்கணுமா?"

ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜனவரி, மாலை அஞ்சு பத்துன்னு போடுங்க. இனிமே ஒருத்தரும் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை ஓட்டிஸ் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது பள்ளிப் பேருந்து திருப்பத்தில் வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள் கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்கு நேராக வந்ததும், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ரூத் ஹாரனை அழுத்தினாள். தெருக்கோடி தாண்டும் வரை கையை எடுக்கவே இல்லை.