நான்கு மடங்கு

குறுக்கப்பட்ட படத்தில், கதவோரமாக, அவன் எடுத்த புகைப்படத்தில் இல்லாத ஒரு கரும்புள்ளி இருந்தது.

திரையில் ஒட்டிய தூசு என்று எண்ணிக் கைக்குட்டையால் துடைத்தான். தூசு போயிற்று, புள்ளி போகவில்லை.

அவன் கைப்பேசிச் செயலிகளை உருவாக்குபவன். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் செயலி ஒன்று மாலை ஐந்து மணிக்கு வெளியாக வேண்டும். அதன் முகப்புக்காக, தன் நான்கு வயது மகள் அவளது அறையில் உறங்குவதைச் சென்ற மாதம் அவனே படம் எடுத்திருந்தான். கைப்பேசித் திரைகள் பலவகைப்பட்டவை ஆகையால், ஒரே படத்தை ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என ஐந்து அளவுகளில் சேமிப்பது வழக்கம். பெரிய மூலப்படத்திலிருந்தே சிறியவற்றைச் செய்ய வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். வடிவமைப்பாளரான பெண் நண்பகலில் விடைபெறும்போதும் அதைத்தான் நினைவூட்டினாள்.

"அண்ணா, சின்னதுலேர்ந்து பெருசு பண்ணிடாதீங்க. பாப்பா மூஞ்சி பிசைஞ்ச மாவாட்டம் ஆயிடும்."

அவள் சென்ற அரை மணி நேரத்தில், சிறிய படத்தைத் தவறுதலாக மூலப்படத்தின் பெயரிலேயே சேமித்து, மூலத்தை அழித்துவிட்டான். அவனிடம் வேறு பிரதி இல்லை. அவளது கைப்பேசியோ அணைந்திருந்தது. மங்கினாலும் பரவாயில்லை என்று துணிந்து, சிறியதையே பெரிதாக்கும்படி மடிக்கணினியின் படக்கருவிக்கு ஆணையிட்டான்.

மற்றவர்கள் வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்த அந்த நீண்ட அறையில், குளிர்சாதனத்தின் ஓயாத முனகலும், எவரோ பாதியில் விட்டுப்போன காப்பியின் புளித்த வாடையும், மழைமேகத்தால் பிற்பகலிலேயே சாம்பல் பூத்த வெளிச்சமும் மட்டுமே அவனுடன் இருந்தன.

ஒன்றரை மடங்குப் படம் வந்தது. அது மங்கவில்லை. மகளின் நெற்றியில் ஒட்டிய முடியிழைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. கதவோரப் புள்ளி இப்போது நிமிர்ந்த ஒரு கோடாக, அறைக்குள் ஓரடி தள்ளி நின்றது. அவளைப் போர்த்தியிருந்த போர்வையும், அவன் படமெடுத்தபோது இருந்ததுபோல் நீலமாக இல்லை. மஞ்சள் பூக்கள் போட்டிருந்தது.

மனைவியை அழைத்தான். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பதாகவும், குழந்தை கீழே உறங்குவதாகவும் அவள் கூறினாள். என்ன போர்வை என்று கேட்டான்.

"புதுசுங்க. காலையில நீங்க போனப்புறம்தான் வாங்கினேன். மஞ்சப் பூ போட்டது. ஏன் கேக்குறீங்க?"

இரண்டு மடங்குப் படம் திரையில் விரிந்துகொண்டிருந்தது. கோட்டுக்குத் தோள்கள் முளைத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கைகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலைதான் இருந்தது. ஆனால் அது கட்டிலை நோக்கிச் சாய்ந்த விதம், மனிதக் கழுத்து சாயும் விதமன்று.

"கீழ போ. பாப்பா ரூமுக்குப் போ. துணிய அங்கயே போட்டுட்டு ஓடு."

"பயமுறுத்தாதீங்க. என்னாச்சு?"

"போன வைக்காம ஓடுடி."

படிகளில் அவள் காலடிகள் கேட்டன. அவன் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். வேலையின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு நிற்காமல் நகர்ந்தது. மின்கம்பியைப் பிடுங்கினான். மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடியது. மூடித் திறந்தான். கோடு நகர்ந்திருந்தது.

மூன்று மடங்கு.

அது கட்டிலருகே மண்டியிட்டிருந்தது. போர்வை விலகியிருந்தது. அதன் முதுகு மட்டுமே தெரிந்தது. ஈரமான முதுகு. மகளின் கண்கள் திறந்திருந்தன. அவள் அழவில்லை.

கைப்பேசியில் மூச்சிரைப்பு. கதவைத் தட்டும் ஓசை. ஒருமுறை. பலமுறை.

"என்னங்க." மனைவியின் குரல் தாழ்ந்திருந்தது. "உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"உடை."

"அவளுக்குத் தாழ்ப்பாள் எட்டாதுங்க."

தோளால் கதவில் மோதும் ஓசை மட்டும். மோதல். இடைவெளி. மோதல். இங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். அது அவனுக்குத் தெரியும். எழுந்தான்.

பச்சைக் கோடு முடிந்தது.

நான்கு மடங்கு.

கட்டில் காலியாக இருந்தது. அது எழுந்து நின்றிருந்தது. திரையின் மேல்விளிம்பு அதன் தலையை வெட்டியிருந்தது. உறங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் மகளைத் தன் மார்போடு அணைத்திருந்தது. அவளது ஒரு கை மட்டும் அந்தக் கரிய தோளைத் தாண்டி இப்புறம் தொங்கியது. நகத்துக்குள் படிந்த வண்ணக்களிமண்கூடத் தெரிந்தது.

அது அசையாப் படம்.

அந்தச் சிறு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, பழகியவர் தோளைப் பற்றுவதுபோல், அந்தத் தோளை மெல்லப் பற்றிக்கொண்டன.