நான்காம் வார்டில் நலம் விசாரிப்பு

ஆண்டு 58, நாள் 412. திருத்தம்: ‘குருசு மச்சாடோவைப் போய்ப் பார்த்தேன்’ என்று நேற்று எழுதியது பிழை. போனது என் பிரதி. அந்நேரம் நான் பாசிப் பண்ணையில் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

எழுதியதைச் சலேத் மறுபடி படித்தாள். செவ்வாய்க் கிரகத்தின் புதுமணப்பாட்டுக் குடியிருப்பில் வேறு யாரும் இதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள். அங்கே ஆளுக்கொரு பிரதி உண்டு. அதே முகம், அதே குரல் கொண்ட இயந்திரம். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான் போய்வரும். திரும்பி வந்து அது சொல்லும் சுருக்கத்தைக் கேட்டுவிட்டால், நாமே போய்வந்த மாதிரிதான்.

அவளைக் குழப்பியது அன்று மாலை நடந்த வேதாகம வகுப்பு. முப்பத்தெட்டு வருடம் பெதஸ்தா குளத்தங்கரையில் கிடந்த நோயாளியைப் பற்றிப் பிலோமினா டீச்சர் வாசித்தார். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவருக்குச் சுகம். இவனை இறக்கிவிடத்தான் ஆளில்லை.

“பிரதியக் கூப்ட்ருக்கலாமே டீச்சர்?” என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

“சிரிங்க. ஆனா, எனக்கு ஒருத்தருமில்லன்னு வாயத் தொறந்து சொன்னான் பாருங்க, அதுக்குத் தெம்பு வேணும். ஒங்கள்ல யாருக்கு இருக்கு?”

தனக்கு இல்லை என்று சலேத்துக்குத் தெரியும். உடனே குருசுவின் நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன் சுரங்கத்தில் முதுகெலும்பு நொறுங்கியவர். உயிர்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் நரம்பு துளிர்க்கும். ஆனால் அந்த நேரம் முழுக்க நோயாளியின் இதயம் இன்னொருவரின் நாடியைப் பற்றிக்கொண்டுதான் துடிக்கும். கையைப் பிடித்துக்கொள்ள, தொட்டியை இயக்கும் செவிலியர் தவிர, உயிருள்ள ஓர் ஆள் வேண்டும். பிரதிக்கு நாடி இல்லை. கைபிடிக்க ஆளில்லாமல் மாதந்தோறும் அவர் முறை வந்து வீணாய்ப் போனது. வார்டிலேயே அதிகம் பேர் ‘வந்து பார்க்கும்’ நோயாளியும் அவர்தான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே போனாள். நேரில் என்ன பேசுவதென்று தெரியாமல் மூன்று வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்திருந்தாள்.

கட்டிலைச் சுற்றி நான்கு பிரதிகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. அவள் வாய் திறக்குமுன் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். “நல்லா இருக்கேன் பிள்ள. வீட்ல எல்லாரும் சொகமா?”

அவர் கையைத் தொட்டாள். நாடி இல்லை. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“பயப்படாதம்மா, அதுவும் பிரதிதான்,” என்றார் செவிலியர் வேதமுத்து. “வாரதெல்லாம் பிரதி. பதில் சொல்லிச் சொல்லி மனுசனுக்கு அலுத்துப்போச்சு. தன் பிரதியப் படுக்கவச்சிட்டுச் சக்கர நாற்காலியில பின்னறைக்குப் போயிட்டாரு. மூணு வருசமாச்சு. யாரும் கண்டுபிடிக்கல.”

மூன்று வருடமாகப் பிரதிகள் பிரதியிடம் நலம் விசாரித்திருக்கின்றன. ஊரே திருப்தியாக இருந்திருக்கிறது.

பின்னறையில் குருசு அவளைக் கண்டதும் முதலில் மணிக்கட்டைத்தான் பிடித்தார். கட்டைவிரலை அழுத்தி நாடியை எண்ணினார்.

“ஆளுதான்.”

மூன்று வாக்கியமும் மறந்துவிட்டது. “எதுக்கு மாமா இங்கன தனியா கெடக்கிய?”

“அங்கன கெடந்தப்பதான் தனியா இருந்துச்சு.” மணிக்கட்டை விடவில்லை. “நாளைக்கு என் முறை. எனக்கு ஒருத்தருமில்ல பிள்ள. வாரியா?”

குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். டீச்சர் சொன்ன தெம்பு அதுதான். வருகிறேன் என்று தலையாட்டினாள்.

ஆண்டு 58, நாள் 413. குருசு மச்சாடோவைப் பார்த்தேன்.

நாளை: காலை ஆறு மணி, உயிர்நீர்த் தொட்டி. அவருடைய வலக்கையைப் பிடித்து இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் விடக்கூடாது. துண்டு, மாற்றுடை.